தேவாரத்தின் மூன்று தொகுதிகளும் ஒரே தட்டில்: ஒரு பட்டியலாக்கச் சேவை பற்றி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் குடும்ப அறக்கட்டளை நடத்தும் சிறு நூலகத்திற்காக, புதுச்சேரியிலிருந்து இயங்கும் பட்டியலாக்கச் சேவை ஒன்றை இவ்வாண்டு அமர்த்தினோம். டியூயி தசம வகைப்பாட்டு முறைப்படி 2,300 நூல்களுக்கு அழைப்பு எண் (அலமாரியில் நூலின் இடத்தைக் காட்டும் எண்) தருவது, கோஹா மென்பொருளில் பதிவது, முதுகில் சீட்டு ஒட்டுவது எல்லாம் சேர்த்து நூலொன்றுக்கு 22 ரூபாய். தனி நூல்களில் அவர்கள் வேலையில் குறை சொல்ல இடமே இல்லை. வெளியீட்டு வரிசைக்குள் வரும் பல தொகுதி நூல்களில்தான் சிக்கல் எழுந்தது.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்ட, தி. வே. கோபாலையர் பதிப்பித்த தேவாரம் அந்நிறுவனத்தின் இந்தியவியல் வரிசையில் 68ஆம் எண் பெற்றது. சம்பந்தர் பதிகங்கள் கொண்ட முதல் தொகுதி 1984இலும், அப்பர், சுந்தரர் பதிகங்கள் கொண்ட இரண்டாவது 1985இலும், மூன்றாவது 1991இலும் வந்தன. முதலில் வரிசை எண்ணையே அழைப்பு எண்ணாக்கி அந்த வரிசை முழுவதையும் ஓரிடத்தில் அடுக்கிவிட்டார்கள். அதனால் தேவாரம் வடமொழி ஆகமப் பதிப்புகளுக்கு நடுவில் போய் நின்றது. நான் மறுத்ததும் தமிழ்க் கவிதைக்குரிய 894.8111க்கு மாற்றினார்கள், ஆனால் சீட்டில் தொகுதி எண்ணை எழுதாமல் அந்தந்தத் தொகுதி அச்சான ஆண்டை மட்டும் எழுதியதால், எங்களிடமிருந்த 1988ஆம் ஆண்டுத் தேவாரப் பதிப்பொன்று இரண்டாம் தொகுதிக்கும் மூன்றாம் தொகுதிக்கும் இடையில் புகுந்துகொண்டது. அப்பர் கரையேறிய தலமென்று எங்கள் ஊரார் போற்றும் இடத்தில், அவர் பதிகங்களைத் தேடி வந்த பெரியவர் ஒருவர் இரண்டாம் தொகுதியைக் கையில் வைத்துக்கொண்டு, "இதோட முடிஞ்சுதா தம்பி?" என்று கேட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது.

வரிசை என்பது பதிப்பகம் தன் வெளியீடுகளுக்கு இட்டுக்கொள்ளும் கணக்கு. வாசகர் 68ஆம் எண்ணைத் தேடி வருவதில்லை, தேவாரத்தைத் தேடி வருகிறார். ஆகவே நூலைப் பொருளின்படி வகுத்து, எல்லாத் தொகுதிகளுக்கும் முதல் தொகுதியின் ஆண்டையே இட்டு, அதன்பின் தொகுதி எண்ணைச் சேர்ப்பதே முறை. சம்பந்தர் பிறந்த அதே சீர்காழியில் 1892இல் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன், தாம் வகுத்த கோலன் பகுப்பு என்னும் நூல் வகைப்பாட்டு முறையில் நூல் எண்ணுக்குள்ளேயே தொகுதிக்கென்று, ஒரு புள்ளிக்குப் பின், இடம் ஒதுக்கியிருக்கிறார். 1961இல் தொடங்கி 1988இல் நிறைவுற்ற, சைவ ஆகமங்களில் ஒன்றான ரௌரவாகமம் போன்ற பல தொகுதிப் பதிப்புகளுக்கு அந்த ஏற்பாடு எவ்வளவு தேவை என்பதை அலமாரியின் முன் நின்றால்தான் உணர முடியும்.

மூன்றாம் முறை சரியாக வந்தது. மூன்று சீட்டுகளிலும் '894.8111 / தேவா / 1984' என்றும், அதன்கீழ் தொ.1, தொ.2, தொ.3 என்றும் இருக்கின்றன. வரிசையின் பெயரும் எண்ணும் மார்க் பதிவில் (கணினி படிக்கும் வடிவிலான நூற்பட்டியல் பதிவு) 490ஆம் புலத்திலும், தேடலுக்கு உதவும் சீரான வடிவில் 830ஆம் புலத்திலும் ஏறிவிட்டன. வரிசையின் பெயரைத் தட்டினால் ஆகமங்களும் தேவாரமும் திரையில் ஒன்றாக வருகின்றன. சைவ சமயத்திற்குரிய 294.5513இல் வைக்கலாமா என்றும் கேட்டார்கள். மற்றத் திருமுறைகள் எங்களிடம் கவிதையில் இருப்பதால் நான் இசையவில்லை. அப்படிக் கேட்டுச் செய்தது எனக்குப் பிடித்திருந்தது.

திருத்தங்களுக்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை. எந்த விதியைப் பின்பற்றினார்கள் என்பதற்கு எழுத்து வடிவில் ஒரு பக்கக் குறிப்புக்கூடத் தரவில்லை என்பது மட்டும் பெருங்குறை. நாளை புதிய தொகுதி வந்தால் எங்கள் பணியாளர் எதைப் பார்த்து எண்ணிடுவார்? அந்தக் குறிப்பைக் கேட்டிருக்கிறேன். அது கைக்கு வந்ததும் மீதமுள்ள பருவ இதழ்களையும் அவர்களிடமே ஒப்படைப்பேன்.