டியூன் செய்த வி-கிராஸுக்கு எந்த கிளட்ச்? பேச்சிப்பாறை ஏற்றமும் மார்த்தாண்டம் நெரிசலும் வைத்து ஒரு மதிப்பீடு

ரீமேப் செய்த (எஞ்சின் கம்ப்யூட்டரின் ஃபைலை மாற்றி டார்க், அதாவது சுழற்றும் விசை, கூட்டிய) இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ் 2.5 மேனுவல் பிக்கப் வண்டியில் பழைய கிளட்ச் போய்விட்டால் அடுத்து எதைப் போடுவது? முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அழுத்தம் கூட்டிய பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பாகம்), ஸ்பிரிங் ஹப் (அதிர்வை வாங்கும் ஸ்பிரிங் வைத்த பிளேட்டின் நடுப்பகுதி), கனமான ஆர்கானிக் லைனிங் (பிளேட்டின் இரு முகத்திலும் ஒட்டிய, உராயும் படலம்), இந்த மூன்றும் சேர்ந்த ஒற்றை பிளேட் செட்தான் குமரி மாவட்டத்து ஓட்டத்துக்குப் பொருந்தும். முழு லைனிங்குக்குப் பதில் செராமிக் துண்டுகள் பதித்த பட்டன் பிளேட் இங்கே வேண்டாம். இரட்டை பிளேட் செட் பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாது.

இந்த எஞ்சின் கம்பெனியில் இருந்து வந்தபோது 134 பிஎஸ் பவரும் 320 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தந்தது. கிளட்ச் செட் வாங்கப் போகிறவர் பவர் கணக்கை மறந்துவிட்டு டார்க்கை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். ரீமேப்பில் 25 சதவீதம் ஏறினால் 400 நியூட்டன் மீட்டர். டீசலில் அது 2,000 ஆர்பிஎம்முக்குள்ளேயே முழுதாக வந்து நிற்கும். அதனால்தான் முதல் கியரில் ஒழுங்காக இழுக்கும் வண்டி, நாலாவது, ஐந்தாவது கியரில் ஓவர்டேக் செய்யும்போது நழுவுகிறது. சோதித்துப் பார்ப்பது எளிது. ஆளில்லாத சமதள ரோட்டில் நாலாவது கியர் போட்டு, 1,500 ஆர்பிஎம்மில் இருந்து ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி ஏறி வேகம் கூடவில்லையென்றால் கிளட்ச் நழுவுகிறது. ஒரு தடவை பார்த்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கும் லைனிங்கும் கருகும்.

எவ்வளவு தாங்கும் செட் வேண்டும்? பிளேட்டுக்கு இரண்டு முகம். அதை உராய்வு எண், பிரஷர் பிளேட் கொடுக்கும் அழுத்தம், லைனிங்கின் சராசரி ஆரம் ஆகியவற்றோடு பெருக்கினால் தாங்கும் டார்க் வரும். கணக்குக்காக 0.3 உராய்வு, 8,000 நியூட்டன் அழுத்தம், 11 சென்டிமீட்டர் ஆரம் என்று வைத்தால் 528 நியூட்டன் மீட்டர். தாராளம் என்று தோன்றும். ஆனால் லைனிங் சூடேறி உராய்வு 0.2க்கு இறங்கினால் அதே செட் 352தான் தாங்கும். 400 தரும் எஞ்சின் முன்னால் அது நிற்காது. நழுவினால் சூடு, சூடேறினால் இன்னும் நழுவல். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு ஹாஃப் கிளட்சில் (பெடலைப் பாதி மிதித்தபடி) ஏறும் வண்டிகளில் ஒரே நாளில் பிளேட் கருகுவது இப்படித்தான். எஞ்சின் தரும் டார்க்கைவிட 20 முதல் 30 சதவீதம் கூடுதல் தாங்கும் செட்டாகப் பாருங்கள். 400க்கு 500 என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வாங்கினால் பெடல் கனம்தான் கூடும்.

அமெரிக்க செட்டுகளில் டார்க்கை பவுண்ட்-அடியில் போட்டிருப்பார்கள். 400 பவுண்ட்-அடி என்றால் 542 நியூட்டன் மீட்டர். எண்ணை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. "ஸ்டேஜ் 2", "ஸ்டேஜ் 3" என்ற பெயர்களுக்கு எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் 3 இன்னொரு கம்பெனியின் 1 ஆக இருக்கலாம். டார்க் எண்ணை எழுத்தில் தராத செட்டை வாங்காதீர்கள்.

டயரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 245/70 ஆர்16 இருந்த இடத்தில் 265/75 ஆர்16 போட்டால் விட்டம் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுகிறது. எல்லா கியரும் அந்த அளவுக்கு உயர்ந்ததற்குச் சமம். வண்டியை நகர்த்த கிளட்ச் அதிக நேரம் உரச வேண்டியிருக்கும்.

இனி பிளேட் வகை. செராமிக் பட்டன் சூட்டைத் தாங்கும், நழுவாது. ஆனால் பாதி பிடிப்பு என்பதே அதற்குத் தெரியாது, பிடித்தால் முழுப்பிடி. மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே, வடசேரி சந்திப்பில் அடி அடியாக நகரும்போது வண்டி உதறும். ரிவர்ஸில் இன்னும் மோசம். பிளேட் உராயும் ஃப்ளைவீலையும் (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்) சீக்கிரம் தின்றுவிடும். இத்துடன் ஸ்பிரிங் இல்லாத ஹப்பும் சேர்ந்தால், டீசல் எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பும் நேராக கியர்பாக்ஸுக்குப் போகும். கியர் கலகலக்கும், சக்கரத்துக்குப் பவர் கொண்டுபோகும் யூ-ஜாயின்ட்டும் கிரவுன் பினியனும் அடி வாங்கும். பந்தயத்துக்குத்தான் அது.

இரட்டை பிளேட்டில் பெடல் லேசாகவே இருந்து 600க்கு மேலும் தாங்கும். பிளேட் இரண்டும் தனித்தனியாக விடுபட வேண்டும் என்பதுதான் சிக்கல். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களில் மீன் பெட்டி ஏற்றும் வண்டிக்குள் உப்புக்காற்றும் ஐஸ் தண்ணீரும் போகும். இரண்டு வாரம் நிறுத்திப்போட்டால் துரு பிடித்து பிளேட் ஒட்டிக்கொள்ளும். ஒற்றை பிளேட்டிலும் இது நடக்கும், ஆனால் இரட்டையில் விடுவிப்பது பெரும்பாடு.

ஆர்கானிக்கின் குறை ஒன்றுதான். ஹாஃப் கிளட்ச் பழக்கத்தை அது பொறுக்காது. வாழைக்குலை ஏற்றிக்கொண்டு கீரிப்பாறை பக்கம் ஏறும்போதும், படகு டிரெய்லர் இழுக்கும்போதும் 4எல் (நான்கு சக்கரமும் இழுக்கும் லோ கியர்) போடுங்கள். கிளட்சின் ஆயுளுக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. ஈர ரோட்டிலும் மண்ணிலும் மட்டும் போடுங்கள், காய்ந்த தாரில் 4எல்லில் வளைக்கக் கூடாது.

வெளிநாட்டு செட் வரவழைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எக்ஸெடியின் 'சஃபாரி டஃப்' போன்றவை ஆஸ்திரேலிய வண்டிகளுக்காகச் செய்தவை. அங்கே டி-மேக்ஸ் பெரும்பாலும் 3.0 லிட்டர். பெயர் ஒன்று என்பதற்காக நம் 2.5க்குப் பொருந்திவிடாது. பிளேட் விட்டம், கியர்பாக்ஸ் ஷாஃப்டில் கோக்கும் ஸ்ப்லைன் பல் எண்ணிக்கை, ஃப்ளைவீல் போல்ட் துளை, பெடலை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கின் உயரம், நான்கையும் பழையதோடு அளந்து பார்த்த பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும். பழைய பிளேட்டுக்கு லைனிங் மாற்றி அடித்துத் தருவதை சாதாரண வண்டிக்கு யோசிக்கலாம். டியூன் செய்த வண்டிக்கு வேண்டாம். தளர்ந்த ஹப் ஸ்பிரிங் அப்படியேதான் இருக்கும், ரிவெட் விட்டால் லைனிங் சிதறும்.

பல செட்டுகள் கெட்டுப்போவது மாட்டும்போதுதான். கியர்பாக்ஸை இறக்கியதும் கிராங்க் பின்பக்க ஆயில் சீலைப் பாருங்கள். துளி ஈரம் இருந்தாலும் மாற்றுங்கள், எண்ணெய் பட்ட லைனிங் எந்த விலையில் வாங்கினாலும் நழுவும். ஸ்பிகாட் பேரிங் (கியர்பாக்ஸ் ஷாஃப்டின் முனையைத் தாங்குவது), ரிலீஸ் பேரிங் இரண்டும் புதிது போடுங்கள். ஃப்ளைவீலில் நீலத் திட்டு இருந்தால் அது கடினப்பட்ட இடம். லேத்தில் பிடித்துக் கடைந்தால் டூல் அந்தத் திட்டில் ஏறி இறங்கும், ஆகவே சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்யும் பட்டறைக்குக் கொடுங்கள். உராயும் முகமும் விளிம்பும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும், படி வைத்த ஃப்ளைவீலானால், உராயும் முகத்தில் எடுத்த அளவைப் பிரஷர் பிளேட் உட்காரும் விளிம்பிலும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தம் குறைந்து புது செட்டும் நழுவும். டூயல் மாஸ் ஃப்ளைவீல் (நடுவில் ஸ்பிரிங் வைத்து இரண்டு துண்டாகச் செய்தது) இருந்தால் கிரைண்டிங் பேச்சே வேண்டாம், ஆட்டம் அளவுக்குள் இருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள்.

பிரஷர் பிளேட்டில் துரு பிடிக்காமல் இருக்கத் தடவியிருக்கும் எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்தெடுக்க வேண்டும். 'ஃப்ளைவீல் சைடு' என்று எழுதிய முகம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் கியர் விழாது. ஸ்ப்லைனில் கிரீஸ் மெல்லிசாகத் தடவினால் போதும், மிஞ்சினால் தெறித்து லைனிங்கில் படும். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, கடைசியில் மேனுவல் சொல்லும் டார்க் ரெஞ்ச் அளவுக்குக் கொண்டுவாருங்கள். கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் பாரத்தை இன்புட் ஷாஃப்டில் தொங்கவிட்டால் புது பிளேட் வளைந்து, முதல் நாளே கிளட்ச் விடாது.

அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட் பெடலையும் ஹைட்ராலிக்ஸையும் சோதிக்கும். பழைய ரப்பர் ஹோஸ் மிதிக்கும்போது உப்பினால் பெடல் பயணத்தில் ஒரு பகுதி அதிலேயே போய்விடும். ஹோஸ் மாற்றி, மூடியில் எழுதியிருக்கும் டாட் வகை ஆயிலைப் புதிதாக ஊற்றி, காற்றை முழுதாக எடுத்துவிடுங்கள். சிக்னலில் கிளட்சை மிதித்தபடி நிற்காமல் நியூட்ரல் போட வேண்டும், அந்த மிதியின் அழுத்தம் கிராங்க் முன்பின் நகராமல் தாங்கும் திரஸ்ட் பேரிங்கில் போய் விழுகிறது.

மாட்டிய பிறகு 800 கிலோமீட்டர் பாரம் ஏற்றாமல், டர்போவின் முழு பூஸ்ட் வரும் அளவுக்கு மிதிக்காமல் ஓட்டுங்கள். நாகர்கோவிலில் இருந்து மதுரைக்கு நான்குவழிச் சாலையில் டாப் கியரில் போய் வந்தால் அது கணக்கில் சேராது. கிளட்சை மிதித்து விட்டால்தான் லைனிங் உட்காரும். கோட்டாறு, தக்கலை, மார்த்தாண்டம் என்று ஊருக்குள் ஓட்டுங்கள். ரீமேப் ஃபைலை இரண்டாக வைத்துக்கொள்ளும் வசதி இருந்தால், அதுவரை கம்பெனி ஃபைலில் ஓட்டுவது நல்லது.