ஏறுவது இருக்கட்டும், இறங்கும்போது பாருங்கள்: மைனரும் டீஎக்ஸும்

மாமாவிடம் இருப்பது 1959 மொரிஸ் மைனர் 1000. மச்சானிடம் 1982 டொயோட்டா கொரோலா, இங்கே இலங்கையில் எல்லாரும் டீஎக்ஸ் என்று சொல்லும் கேஈ70 மொடல். இரண்டையும் ஒரே வாரத்தில், நாலு பேரை ஏற்றிக்கொண்டு, கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஓட்டிப் பார்த்தேன். ஐம்பது கிலோமீற்றர் சொச்சத்தில் சுமார் 1400 மீற்றர் ஏற்றம். இரண்டுமே வீட்டுக் கார் என்பதால் பாரபட்சம் இருக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றத்தில் போட்டியே இல்லை. மைனரின் 948 சிசி எஞ்சின் புதிதாக இருந்தபோதே 37 குதிரைவலுதான். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி குறைவதால் கார்பரேட்டர் வண்டி எதுவானாலும் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு வலுவை இழந்துவிடும். இறம்பொடையில் போட்ட இரண்டாம் கியர் லபுக்கலை வரைக்கும் மாறவேயில்லை, பின்னால் வந்த பஸ்காரர் ஹோர்ன் அடித்து அடித்து அலுத்துப்போய் முந்திக்கொண்டு போனார். கொண்டை ஊசி வளைவில் வேகம் செத்துவிட்டால் இன்னும் சிரமம், ஏனென்றால் மைனரின் முதல் கியருக்கு சிங்க்ரோ, அதாவது கியர் பற்களின் வேகத்தைத் தானாகச் சமப்படுத்தும் அமைப்பு, கிடையாது, ஓட்டத்தில் போட்டால் கர்ரென்று பல்லைக் கடிக்கும். ஒன்று நிறுத்திப் போட வேண்டும், இல்லாவிட்டால் மாமா மாதிரி கிளட்சை இரண்டு தரம் மிதித்து நடுவில் கொஞ்சம் அக்சிலரேட்டர் கொடுக்கத் தெரிய வேண்டும். எனக்குப் பத்துக்கு மூன்று தரம்தான் சரியாக விழுந்தது. டீஎக்ஸில் 1290 சிசி. அதே வளைவுகளில் மூன்றிலிருந்து இரண்டு, அவ்வளவுதான், பேச்சை நிறுத்தாமலே ஏறிவிட்டோம்.

ஸ்டியரிங் மட்டும் மைனர்தான். பிற்பாடு மினியை வடிவமைத்த அதே அலெக் இசிகோனிஸ் 1948இலேயே இதற்கு ரேக் அண்ட் பினியன், அதாவது பல்சக்கரம் ஒரு பல்தண்டை நேரே தள்ளி சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங், போட்டுவிட்டார், தேயிலை மலையைச் சுற்றி வளையும்போது முன்சக்கரம் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிகிறது. அதோடு பார்த்தால் டீஎக்ஸின் ஸ்டியரிங்குக்குக் கொஞ்சம் தூக்கக்கலக்கம்.

எல்லாரும் ஏற்றத்தைப் பற்றியே கேட்கிறார்கள். மலையில் காரை வாங்குகிறவர் இறக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். மைனருக்கு நாலு சக்கரத்திலும் மூடிய உருளைக்குள் பிடிக்கும் டிரம் பிரேக், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரும் இல்லை. டிரம்முக்குள் சூடு அடைபட்டால் உள்ளே உரசும் பட்டையான லைனிங்கின் பிடி தளரும், பெடல் கெட்டியாக இருக்கும், ஆனால் வண்டி நிற்க மனசில்லாமல் நிற்கும். "ஏறின கியரிலேயே இறக்குடா, பிரேக்கில காலை வச்சிக்கிட்டே இருக்காதே" என்று பக்கத்து சீட்டிலிருந்து மாமா சொல்லிக்கொண்டே வந்தார். அப்படியும் இறம்பொடையில் கருகல் வாசம் வந்து, நிறுத்தி, ஒரு பிளேன்டீ குடித்து, டிரம் ஆறிய பிறகுதான் புறப்பட்டோம். டீஎக்ஸில் முன்னுக்கு வெளியே திறந்திருக்கும் டிஸ்க் பிரேக், காற்றுப்பட்டுச் சட்டென்று ஆறிவிடும். மழைத்தூறலில் கம்பளை வரை ஒரே மூச்சில் இறங்கினேன், பெடல் கடைசிவரை மாறவில்லை.

பெற்றோல் ஏறக்குறைய ஒன்றுதான். உதிரிச் சாமான் இரண்டுக்கும் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் தேடலாம், மைனருக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

தினமும் ஓடுவதற்கு என்றால் யோசிக்காமல் டீஎக்ஸ். இருந்தாலும் ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போக மைனரைத்தான் கேட்டேன். "தாராளமா மேலே கொண்டு போ" என்றார் மாமா. "திரும்புற அன்னைக்குச் சொல்லு, நான் பஸ்ஸில வந்து இறக்கித் தாரேன்."