தபாலில் வரும் புதிர் உறையா, நாமே அச்சிடும் தாளா, பெட்டியா?

தாள்களிலும் அட்டைகளிலும் ஒளிந்திருக்கும் துப்புகளைத் தேடி விடை கண்டுபிடிக்க, வீட்டில் இருந்து விளையாடும் காகிதப் புதிர்களுக்குக் கொழும்பில் மூன்று வழிகள் இருக்கின்றன. வெளிநாட்டில் இருந்து தபாலில் வரும் உறை ஒன்று. காசு கட்டி, கோப்பாக இறக்கி, நாமே பிரிண்ட் எடுப்பது இன்னொன்று. மூன்றாவது, எக்ஸிட், அன்லொக் என்ற விளையாட்டுகள் மாதிரிப் பெட்டியில் வருபவை. மூன்றையும் எங்கள் வீட்டு மேசையில் விரித்துப் பார்த்தாயிற்று. இப்போது நாங்கள் காசு போடுவது உறைக்குத்தான்.

விலையிலும் வேகத்திலும் கோப்பு முன்னுக்கு நிற்கிறது. மத்தியானம் வாங்கினால் பின்னேரம் விளையாடலாம். உறை வர வாரக்கணக்கில் ஆகும். இதில் வாதாட ஒன்றும் இல்லை.

ஆனால் பிரிண்ட் எடுக்கும் இடத்தில் கோப்பு கொஞ்சம் சறுக்கும். அமெரிக்காவில் செய்த புதிர்கள் பெரும்பாலும் அந்த நாட்டு லெட்டர் அளவுத் தாளுக்காக அமைந்தவை: 216 மில்லிமீட்டர் அகலம், 279 உயரம். நம் கடைகளில் இருப்பது ஏ4, அதாவது 210க்கு 297. கடைப் பையன் வழக்கம்போலத் தாளுக்குப் பொருந்தும்படி சுருக்கி அச்சடித்துத் தருவான். எல்லாத் தாளும் ஒரே அளவில் சுருங்கினால் பரவாயில்லை. அடிமட்டம் வைத்து அளக்கச் சொல்லும் புதிரிலோ, வேறு வேறு அளவில் சுருங்கிய இரண்டு தாள்களை ஒன்றின் மேல் ஒன்று வைக்க வேண்டிய இடத்திலோ விடை வராது. இருபக்க அச்சு ஒரு பக்கம் நகர்ந்தாலும் இதே கதைதான். கறுப்பு வெள்ளையில் மலிவாக எடுத்தால் நிறத்தை வைத்துக் கட்டிய புதிர் அப்படியே செத்துவிடும். கோப்பு வாங்குகிறவர்கள் நிறத்தில், சுருக்காமல், நூறு சதவீத அளவில் எடுக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் எதுவும் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

இனி, என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். புதிர் என்பது ஒரு வீட்டுக்கு ஒருமுறைதான். விடை தெரிந்த பிறகு அந்த வீட்டில் அதற்கு வேலை இல்லை. அதனால் நான் பார்ப்பது, விளையாடி முடித்த பிறகு அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும் நிலையில் அது இருக்குமா என்பதைத்தான். டொலர் விலையில் வாங்கும்போது இது சின்ன விஷயம் இல்லை.

எக்ஸிட் இதில் முழுத் தோல்வி. ஜெர்மனியின் கொஸ்மொஸ் வெளியிடும் வரிசை அது. இன்கா, மார்க்குஸ் பிரான்ட் தம்பதி வடிவமைத்தது. 2017இல் ஜெர்மனியின் கென்னர்ஷ்பீல் விருதையும் வாங்கியது. புதிர்கள் அருமை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அட்டையை வெட்டச் சொல்லும், மடிக்கச் சொல்லும், மேலே எழுதச் சொல்லும். முடிவில் மிஞ்சுவது குப்பைக் கூடைக்குத்தான். அன்லொக் அப்படி இல்லை. அறுபது சீட்டுகள், எதுவும் கிழிவதில்லை, கைமாற்றலாம். அதற்குக் கைபேசியில் ஒரு செயலி ஓட வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டைக் கண்ட ஊரில், மெழுகுதிரி வெளிச்சத்திலும் விளையாடக்கூடிய வெறுங்காகிதத்தை நான் அதிகம் விரும்புகிறேன். அன்லொக்கில் நான் விளையாடியவை குறைவு, அதனால் அதை இதற்கு மேல் எடை போடவில்லை.

உறையில் வருபவை பெரும்பாலும் கடிதம், வரைபடம், ரயில் நேர அட்டவணை, பழைய பத்திரிகைத் துண்டு, பற்றுச்சீட்டு மாதிரியான தாள்கள். எனிக்மா எம்போரியம் என்ற புதிர் நிறுவனம் செய்தவற்றில் ஒன்று வெறும் ஐந்து தபாலட்டைகள்தான். அந்த அட்டைகளுக்குள்ளேயே சங்கேத எழுத்துகள் அடுக்கடுக்காக ஒளிந்திருக்கும். இவற்றைக் கவனமாக வைத்திருந்தால் பல வீடு சுற்றும். எங்கள் உறைகள் வெள்ளவத்தையில் இருந்து தெஹிவளையில் பெரியம்மா வீட்டுக்குப் போய், அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போகின்றன. செலவு மூன்றாகப் பிரிகிறது.

அதற்கு நாங்கள் வைத்திருக்கும் ஒழுங்கு இதுதான். உறை வந்ததும், விளையாட முன்னமே, வெட்டவோ எழுதவோ வேண்டிய தாள்களை நிறத்தில் போட்டோகொப்பி எடுத்துவிடுவோம். கொப்பிதான் மேசைக்கு வரும், மூலத்தாள் உள்ளேயே இருக்கும். வரைபடத்தில் கோடு போட வேண்டுமென்றால் மேலே ட்ரேசிங் பேப்பர். பேனை மேசைக்கே வரக்கூடாது. தாள்களின் எண்ணிக்கையை உறையின் உட்புறம் எழுதி வைத்து, மூடும்போது சரிபார்ப்போம். ஒரு சின்னத் துண்டு காணாமல் போனாலும் அடுத்த வீட்டாருக்குக் கடைசிப் புதிரின் விடை வராது. அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

தபாலைப் பொறுத்தவரை, தட்டையான உறைக்கு ஒரு வசதி உண்டு. விற்பனைப் பொருள் என்பதால் அதிலும் சிஎன்22 என்ற சுங்கப் படிவம் ஒட்டியிருக்கும். ஆனாலும் சாதாரணக் கடிதத்தோடு தொடர்மாடியின் தபால் பெட்டிக்குள் நுழையக்கூடிய அளவு அது.

மாதச் சந்தாப் பெட்டிகளும் உண்டு. 2016இல் அமெரிக்காவில் தொடங்கிய ஹன்ட் எ கில்லர் செய்ததுபோல, ஒரு வழக்கை மாதத் தவணைகளாகப் பிரித்து அனுப்புவார்கள். டொரொன்டோவில் மச்சாள் வீட்டில் கூட இருந்து பார்த்த அனுபவம் மட்டும்தான் எனக்கு. நன்றாகவே இருந்தது. ஆனால் நடுவில் ஒரு பெட்டி தாமதித்தால் முழுக் கதையும் நின்றுபோகும். கடல் தாண்டி வருவதென்றால் ஒரே உறையில் முடியும் கதைதான் எனக்குச் சரி.

இன்னொன்று, நாங்கள் வாங்குபவை எல்லாமே ஆங்கிலத்தில் இருக்கின்றன. சொல் விளையாட்டு அதிகமுள்ள உறையில் அம்மம்மா ஓரமாக உட்கார்ந்துவிடுவார். வரைபடம், அட்டவணை, படம் என்று இருந்தால் எங்களுக்கு முன்னால் அவர்தான் பிடிப்பார். போயா எனும் பௌர்ணமி விடுமுறையில் மூன்று தலைமுறையும் ஒரே மேசையில் இருக்க வேண்டுமென்றால் இதைப் பார்த்து வாங்க வேண்டும்.

முதல் தடவை என்றால் ஒரு சின்னக் கோப்பில் தொடங்கி, வீட்டில் யாருக்கு ஆர்வம் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் உறை. வாங்க முன் விற்பவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: வெட்ட வேண்டிய தாள்கள் உண்டா, அவற்றை மறுபடி அச்சிடக் கோப்பு தருவார்களா, கடிதத் தபாலில் வருமா, இலங்கைக்கு அனுப்பு செலவு எவ்வளவு. பதில் தெளிவாக வராத இடத்தில் நான் வாங்குவதில்லை.