பல்கலைக்கழகமா, தனியார் மருத்துவமனையா? செல்லப்பிராணிக் கதிர்வீச்சுப் புற்றுநோயியலில் இரு பாதைகள்

நாய்க்கும் பூனைக்கும் வரும் புற்றுநோயைக் கதிர்வீச்சு கொண்டு சிகிச்சை செய்யும் கால்நடை மருத்துவர்கள் அமெரிக்காவிலேயே மிகச் சிறிய கூட்டம்தான். கால்நடைக் கதிரியல் நிபுணர்களுக்குச் சான்றளிக்கும் ஏ.சி.வி.ஆர். அமைப்பு, இத்துறையைத் தனிச் சிறப்புப் பிரிவாக ஏற்றதே 1994-ல்தான். கால்நடை மருத்துவப் பட்டம், ஓராண்டு இன்டர்ன்ஷிப், அதன்பின் வழக்கமாக 3 ஆண்டு ரெசிடென்சி எனும் சிறப்புப் பயிற்சி, கதிர்வீச்சு இயற்பியலையும் உயிரியலையும் சல்லடை போட்டுச் சலிக்கும் தேர்வுகள் என இத்தனையையும் கடந்து வந்தவர், பல்கலைக்கழக மருத்துவமனையில் ஆசிரியராகத் தங்குவதா, தனியார் சிறப்பு மருத்துவமனையில் சேர்வதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ரெசிடென்சி இடங்களில் பெரும்பாலானவை பல்கலைக்கழகங்களில் இருப்பதால், அதுவரை எல்லோருக்கும் பாதை ஏறத்தாழ ஒன்றே.

ஆராய்ச்சி வேண்டுவோருக்குப் பல்கலைக்கழகம், பணம் வேண்டுவோருக்குத் தனியார் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இந்தத் துறையின் தன்மையை அறிந்தவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தான் இன்று கொடுத்த டோஸ் ஓராண்டுக்குப் பிறகு அந்த விலங்கின் எலும்பிலும் கண்ணிலும் என்ன செய்தது என்பதைத் தெரிந்துகொள்ள எந்த வேலை அவகாசம் தரும் என்பதே.

கருவிகளைப் பொறுத்தவரை பலரும் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறான நிலையைக் காணலாம். கதிரைப் பாய்ச்சும் எந்திரமான லீனியர் ஆக்சிலரேட்டரும் அதைச் சுற்றிக் கட்ட வேண்டிய தடித்த கான்கிரீட் அறையும் பல மில்லியன் டாலர் செலவு பிடிப்பவை. அரசு நிதியையும் நன்கொடையையும் நம்பியிருக்கும் கல்லூரிகள் பழைய எந்திரத்தை இழுத்துப்பிடித்து ஓட்டிக்கொண்டிருக்க, முதலீட்டாளர் பணத்தில் இயங்கும் தனியார் மையத்தில் புத்தம் புதிய எந்திரம் நிற்பது அபூர்வமல்ல. கால்நடை மருத்துவமனைகளை வாங்கிக் குவிக்கும் பெருநிறுவனங்கள் எவ்வளவு பணத்தோடு வருகின்றன என்பதற்கு, மார்ஸ் நிறுவனம் 2017-ல் வி.சி.ஏ. மருத்துவமனைச் சங்கிலியை வாங்கியதே சாட்சி.

அன்றாட வேலையில் வேறுபாடு எங்கே தெரிகிறது என்பதற்கு, மூக்குக் குழியில் கட்டியோடு வரும் ஒரு லாப்ரடாரை எடுத்துக்கொள்வோம். மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாயில் டியூப் செருகி, காற்று உறிஞ்சப்பட்டதும் இறுகிக்கொள்ளும் மெத்தையில் குப்புறக் கிடத்துகிறார்கள். ஒவ்வொரு முறையும் தலை அதே இடத்தில் அமர வேண்டும் என்பதற்காக, அதன் மேல்தாடைப் பற்கள் முன்பே வார்த்து வைத்த அச்சில் பொருந்துகின்றன. எந்திரத்திலேயே எடுக்கப்படும் சிடி படத்தைத் திட்டப் படத்தோடு ஒப்பிட்டு, மேசையை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்திய பிறகு எல்லோரும் வெளியேறுகிறார்கள். நாயின் மூச்சு வெளியே இருக்கும் திரையில் கண்காணிக்கப்படுகிறது. கதிர் பாயும் நேரம் சில நிமிடங்களே. கட்டிக்கு இருபுறமும் கண்கள், பின்னால் மூளை; எல்லாம் விரல்கடை தூரத்தில்.

இதுவரை இரு இடங்களிலும் ஒன்றே. வேறுபடுவது இதற்கு முன் நடந்த திட்டமிடல்தான். பல்கலைக்கழகத்தில் ரெசிடென்ட் சிடியின் ஒவ்வொரு அடுக்கிலும் கட்டியின் எல்லையை வரைவார், ஆசிரியர் அதை அழித்துத் திருத்துவார், பின்னால் நிற்கும் மாணவர்களுக்கு ஏன் அழித்தார் என்று விளக்குவார். தனியார் மையத்தில் நிபுணர் தானே எல்லை வரைந்து, பல நேரம் தொலைவிலிருந்து பணிபுரியும் இயற்பியலாளருக்கு அனுப்பிவிடுவார். வேலை விரைவில் முடிந்துவிடும். தவணைக்கு 2.5 முதல் 3 கிரே (கதிர்வீச்சு டோஸின் அலகு) வீதம் 18 முதல் 20 தவணைகளாகக் கொடுக்கும் பழைய முறையைவிட, கட்டியை மட்டும் துல்லியமாகக் குறிவைத்து, தவணைக்கு 8 முதல் 10 கிரே வீதம் மூன்றே நாளில் முடிக்கும் ஸ்டீரியோடாக்டிக் முறையைத் தனியார் மையங்கள் விரும்புவதில் நியாயமும் உண்டு. தவணை குறைந்தால் விலங்குக்கு மயக்க மருந்தும் குறைகிறது, உரிமையாளருக்கு அலைச்சலும் குறைகிறது.

ஆனால் அந்த ஸ்டீரியோடாக்டிக் முறையே கல்லூரிகளில் கேள்வியாகத் தொடங்கியதுதான். கால் எலும்புப் புற்றுநோய்க்கு, காலை வெட்டாமல் ஸ்டீரியோடாக்டிக் கதிர்வீச்சு கொடுத்த அனுபவத்தை ஃபுளோரிடா பல்கலைக்கழகக் குழு 2004-ல் வெளியிட்டது. கதிரோடு வெப்பமும் சேர்த்தால் நாய்களின் மென்திசுப் புற்று கூடுதல் காலம் அடங்கியிருக்குமா என்பதை வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் டியூக்கும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தன. உடலைச் சுற்றிச் சுழன்றபடி கதிர் பாய்ச்சும், மனிதர்களுக்கான டோமோதெரபி எந்திரம் உருவான விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், மூக்குக் கட்டி கொண்ட நாய்களின் கண்களைக் காப்பாற்ற முடியும் என்று 2010-ல் காட்டினார்கள்.

இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஃபிளாஷ் எனப்படும் அதிவேகக் கதிர்வீச்சின் கதை. முழு டோசையும் கண்ணிமைக்கும் நேரத்தில் பாய்ச்சினால் ஆரோக்கியமான திசு தப்பிப் பிழைக்கும் என்ற எண்ணத்தில், மூக்கு நுனிப் புற்றுநோய் கொண்ட 6 பூனைகளுக்கு 25 முதல் 41 கிரே வரை ஒரே தவணையில் கொடுத்த முடிவுகள் 2019-ல் வந்தபோது மனித மருத்துவ உலகமும் நிமிர்ந்து பார்த்தது. அடுத்து சூரிச் பல்கலைக்கழகம், ஃபிளாஷ் முறையில் ஒரே தவணையாக 30 கிரே பெறும் பூனைகளையும் வழக்கமான 10 தவணை பெறும் பூனைகளையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடத் தொடங்கியது. தொடக்கத்தில் எல்லாம் நன்றாகவே இருந்தது. 9 மாதம் கடந்த பிறகு, ஃபிளாஷ் பெற்ற 7 பூனைகளில் 3 பூனைகளுக்கு மேல்தாடை எலும்பு செத்துப்போனது தெரியவர, ஆய்வு நிறுத்தப்பட்டது. 2022-ல் அந்த முடிவையும் அவர்களே வெளியிட்டார்கள். மூன்றாவது மாதப் பரிசோதனையோடு கோப்பை மூடும் எந்த மருத்துவமனையிலும் இது சிகிச்சை வெற்றி என்றே பதிவாகியிருக்கும்.

தனியார் மையத்தில் இப்படி ஓர் ஆய்வு நடக்கவே முடியாது என்று சொல்லமாட்டேன். நோயாளி எண்ணிக்கை அங்கேதான் அதிகம். ஆயினும் முழுச் செலவையும் தன் பையிலிருந்து தரும் உரிமையாளரிடம், உங்கள் பூனைக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும் என்று சொல்லிச் சம்மதம் பெறுவதற்கும், இறந்த விலங்கைப் பிரேதப் பரிசோதனைக்குக் கேட்பதற்கும் நிதியும் ஆட்களும் நிறுவனத்தின் பொறுமையும் வேண்டும். சம்பளமோ பேச்சுக்கே இடமில்லாமல் தனியாரில் கணிசமாக அதிகம். கல்விக்கடன் கழுத்தை நெரிப்பவர் அதைத் தேர்ந்தெடுத்தால் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை.

பல்கலைக்கழகம் என்று முடிவெடுத்தவரும் அங்கே இன்னொரு பிரிவினையைச் சந்திக்கிறார். டென்யூர் எனும் நிரந்தரப் பணிக்கான பதவியில் சேர்பவர் சுமார் 6 ஆண்டுகளுக்குள் நிதியும் ஆய்வுக் கட்டுரைகளும் காட்டி நிரந்தரம் பெற வேண்டும். இல்லையேல் வெளியேற வேண்டும். கிளினிக்கல் பிரிவில் சேர்பவர் சிகிச்சையும் கற்பித்தலுமாக ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். டென்யூர்தான் கௌரவம் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. ஆனால் துறைக்கு ஒரே ஒரு கதிர்வீச்சு நிபுணர் உள்ள கல்லூரியில், ஆராய்ச்சிக்கு 50 விழுக்காடு என்று காகிதத்தில் எழுதியிருந்தாலும், நாள்தோறும் மயக்கத்தில் கிடக்கும் விலங்கைவிட்டு ஆய்வகத்துக்குப் போக யாராலும் முடியாது. பிஎச்.டி. முடித்து, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் இளம் ஆய்வாளர்களுக்குத் தரும் கே01 போன்ற நிதியோடு வருபவருக்கும், இரண்டாவது நிபுணர் ஏற்கெனவே பணியில் இருக்கும் இடத்தில் சேர்பவருக்கும் மட்டுமே டென்யூரைப் பரிந்துரைப்பேன். மற்றவர்களுக்குக் கிளினிக்கல் பதவியும், பல மையங்கள் சேர்ந்து நடத்தும் ஆய்வுகளில் ஒரு பங்கும் போதுமானவை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2003-ல் தொடங்கிய ஒப்பீட்டுப் புற்றுநோயியல் திட்டம் அத்தகைய வாய்ப்பைத் தருகிறது.

தமிழ்நாட்டில் பி.வி.எஸ்சி. முடித்துச் செல்பவருக்குக் கணக்கு வேறு. இந்தியக் கல்லூரிகளுக்கு அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் அங்கீகாரம் இல்லாததால், தனியாரில் பணிபுரிய, வெளிநாட்டுப் பட்டத்தைச் சரிபார்க்கும் இ.சி.எஃப்.வி.ஜி. அல்லது பேவ் சான்றிதழும், உரிமத்துக்கான நாவ்லி தேர்வும் தேவை. பல மாநிலங்களோ பல்கலைக்கழகத்துக்குள் மட்டும் பணிபுரிய வரையறுக்கப்பட்ட உரிமம் தருகின்றன. எச்-1பி எனும் வேலை விசாவிலும் ஆண்டுக்கு 85,000 என்ற உச்சவரம்பும் அதற்கான குலுக்கலும் தனியாருக்கே. பல்கலைக்கழகங்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே இவர்களில் பலருக்குப் பல்கலைக்கழகம் விருப்பத்தால் மட்டுமன்றிச் சட்டத்தாலும் முதல் இடமாகிறது.

ஒருமுறை தனியாருக்குப் போனவர் திரும்பி வருவது கடினம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து தனியாருக்கு எந்த ஆண்டிலும் மாறலாம், வரவேற்பு காத்திருக்கும். எதிர்த்திசையில் வருபவரிடம் தேர்வுக் குழு கேட்பது இடைப்பட்ட ஆண்டுகளின் கட்டுரைகளை. அவை இல்லாதவருக்குக் கிளினிக்கல் பதவி கிடைக்கலாம், டென்யூர் பதவி பெரும்பாலும் கிடைக்காது. தயக்கத்தில் இருப்பவர் முதல் சில ஆண்டுகளைக் கல்லூரியில் கழிப்பது நல்லது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.