உரைக்கோப்பில் சொல் தேட ஒரு சின்ன பிஎச்பி நிரல்: 4 வருட அனுபவம்

சொற்குறிப்புகளை ஒரே உரைக்கோப்பில் வைத்திருக்கிறேன். வரிக்கு ஒரு குறிப்பு, முதலில் தலைச்சொல், பிறகு விளக்கம். அதில் தேடுவதற்கு பிஎச்பி என்ற நிரல்மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதி 4 வருடமாகிறது. தினமும் பயன்படுத்துகிறேன், தரவுத்தளம் வேண்டும் என்று இதுவரை தோன்றவில்லை.

முதலில் ஃபைல் செயற்கூறால் முழுக் கோப்பையும் ஒரே அடியாக நினைவகத்தில் ஏற்றினேன். கோப்பு வளர வளர அது சரிப்படாது, பிஎச்பியின் வழக்கமான நினைவக வரம்பே 128 எம்பிதான். வரிவரியாகப் படிக்கும் எஃப்கெட்ஸுக்கு மாறினேன். ஒரு நேரத்தில் ஒரு வரிதான் உள்ளே இருக்கும்.

ரொம்ப நாள் கண்ணில் படாத தவறு ஒன்று இருந்தது. சொல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை நான் பயன்படுத்திய ஸ்ட்ர்பாஸ் செயற்கூறு எண்ணாகத் தரும். வரியின் தொடக்கத்திலேயே இருந்தால் விடை 0. அந்த விடையை வெறும் இஃப் நிபந்தனையில் போட்டால் பிஎச்பி அதை 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளும். என் கோப்பில் தலைச்சொல் வரியின் தொடக்கத்தில்தானே இருக்கிறது! எனக்கு முக்கியமாக வேண்டிய வரிகளே விடுபட்டுக்கொண்டிருந்தன. 2020இல் வந்த பிஎச்பி 8இல் ஸ்ட்ர்_கன்டெய்ன்ஸ் இருக்கிறது, உண்டு இல்லை என்று மட்டும் சொல்லும். ஆனால் வெற்றுச் சொல்லைக் கொடுத்தால் எல்லா வரிக்கும் 'உண்டு' என்றுவிடும். அதை முன்னாலேயே தடுத்துவிடுங்கள்.

தமிழ்தான் அதிகம் வேலை வாங்கியது. 'கொடி' என்று தேடினேன், கண்ணெதிரே இருந்த வரி கிடைக்கவில்லை. இரண்டுக்கும் நீளத்தைப் பைட்டில் சொல்லும் ஸ்ட்ர்லென் போட்டேன்: நான் தட்டியது 12 பைட், கோப்பில் இருந்தது 15. எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் முறையான யூனிகோடில், 'கொ'வில் 'க'வோடு சேரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். பிஎச்பியோடு கூடுதலாகச் சேர்க்கும் இன்டில் நீட்சியில் உள்ள நார்மலைசரால் தேடுசொல்லையும் வரியையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் நிம்மதி.

அடுத்தது 'நட'. நடந்தான், நடக்க என்பவற்றோடு நடிப்பு, நடுவே, நட்பு எல்லாம் வந்து விழுந்தன. கணினிக்கு 'டி' என்பது 'ட'வும் அதன்மேல் ஒரு சுழியும். அதனால் தேடல் வடிவம் ஒன்றைக் கொடுத்துத் தேடும் ப்ரெக்_மேட்ச்சுக்கு மாறி, தேடிய சொல்லை ஒட்டிக் கொம்போ சுழியோ புள்ளியோ வந்தால் தள்ளச் சொன்னேன். அந்தத் தேடல் வடிவத்தின் கடைசியில் 'u' என்ற குறியை மறக்கக் கூடாது, இல்லையென்றால் எழுத்தைப் பார்க்காமல் பைட்டைத்தான் பார்க்கும். பயனர் தட்டிய கேள்விக்குறி, அடைப்புக்குறிகளைத் தேடல் கட்டளையாக எடுக்காமல் வெறும் எழுத்தாக எடுக்க ப்ரெக்_கோட் அவசியம்.

இந்த மாற்றத்தில் 'நடை'யும் விடுபட்டது, அதைத் தனியாகத் தேடிக்கொள்கிறேன். 'மரம்' என்று தேடினால் மரத்தை, மரத்தில் இன்றும் வராது. வேற்றுமை உருபுகளுக்கு விதி எழுதிப் பார்த்தேன். ஒரு சொல்லைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டது, கழற்றிவிட்டேன். இப்போது 'மர' என்று தட்டுகிறேன். கூடவே மரபு வரும், அதைக் கடந்து கீழே போய்விடுகிறேன்.