மூன்று வருசம் ஓடிய ரவுட்டரும் அலாரம் பிளக்கின் மூன்று ஓட்டைகளும்

"உங்க தோட்ட ஆபீஸ்ல இருக்கிற அதே ரவுட்டரை நாங்களும் வாங்கலாமாண்ணே?" என்று பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பி கேட்டார். தலவாக்கலைப் பக்கம் எங்களிடம் அது மூன்று வருசமாக ஓடுகிறது.

கரண்ட் விசயத்தில் குறை சொல்லவே மாட்டேன். 12 முதல் 48 வோல்ட் டீசி வரை ஏற்கும், இரண்டு உள்ளீடு. ஒன்றில் 24 வோல்ட் பவர் சப்ளை, மற்றதில் 12 வோல்ட் பெட்டரி இரண்டு தொடராக. எது போனாலும் லைட் மினுங்காது. 10 வாட் கூட இழுக்காததால் 7 ஆம்பியர்-மணி பெட்டரியிலேயே அரை நாள் தாங்கும்.

என் கோபமெல்லாம் அலாரத்தில்தான். கரண்ட் போனால் சைரன் அடிக்க, ரவுட்டருக்குள் ஒரு ரிலே, அதாவது கரண்டில் இயங்கும் சுவிட்ச், இருக்கிறது. அதன் பச்சைப் பிளக்கில் மூன்று ஓட்டை: என்ஓ (சும்மா இருக்கும்போது திறந்திருப்பது), சி (இரண்டுக்கும் பொது), என்சி (சும்மா இருக்கும்போது மூடியிருப்பது). இந்தப் பெயர்கள் ரிலேக்குக் கரண்ட் இல்லாத நிலைக்கு உரியவை. ரவுட்டர் ஒழுங்காக ஓடும்வரை ரிலே இழுத்தபடியே இருக்கும், என்சி திறந்திருக்கும். ஓர் உள்ளீடு போனால் ரிலே விட்டுவிடும், என்சி மூடும். பெட்டியே செத்தாலும் அலாரம் வரும். அருமையான ஏற்பாடு! அதை விளக்க ஒரு படம் கூட வைக்கவில்லையே.

பூட்ட வந்தவர் 230 வோல்ட் சைரனை நேரே அதில் கொடுத்துவிட்டார். அந்தத் தொடுமுனை தாங்குவதோ 24 வோல்ட்டில் 1 ஆம்பியர். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போன நாள். சைரன் வாயே திறக்கவில்லை. கரண்டில் ஓடுவது கரண்ட் போனால் எப்படிக் கத்தும்? கரண்ட் வந்ததும் கத்தியது, நிற்கவேயில்லை. காவல்கார அண்ணன் போன் எடுக்க, ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

விற்ற கடையில் போர்டையே மாற்றச் சொன்னார்கள். ஹட்டனில் ரிப்பேர் பார்க்கும் தம்பி ஈயத்தை உருக்கி ரிலேயை மட்டும் கழற்றினார். மூடியை உடைத்துக் காட்டினார்: இரண்டு முனையும் ஒன்றோடொன்று ஒட்டி, சுற்றிக் கடுகளவு கரி.

இப்போது நடுவில் தனியாக ஒரு 24 வோல்ட் ரிலே, அதன் சுருளுக்குக் குறுக்கே, சுருள் அணையும்போது எழும் மின்வீச்சை அடக்க ஒரு டயோட். சைரனும் 24 வோல்ட்தான், பெட்டரியில் ஓடுகிறது. போன மாசம் ராத்திரி மழையில் கரண்ட் போன உடனே கத்தியது. லயத்துப் பிள்ளைகளின் இணையம் விடியும்வரை அறுபடவில்லை.

ஆனாலும் தம்பி, இதை வாங்க வேண்டாம். ரிலேயைப் போர்டோடு ஈயம் வைத்துப் பூட்டிவிட்டு, ஒரு படமும் தராமல் விற்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. எங்கள் ஆபீசில் இருப்பதை மட்டும் நான் கழற்ற மாட்டேன்.