டெபியன் கிளவுட் இமேஜ்கள்: பஸ்டர் முதல் டிரிக்ஸி வரை ஓட்டிப் பார்த்த அனுபவம்

2019-இல் டெபியன் லினக்ஸின் 10-ஆம் பதிப்பு (பஸ்டர்) வந்ததிலிருந்து எங்கள் சர்வர்கள் டெபியனின் அதிகாரப்பூர்வ கிளவுட் இமேஜ்களில்தான் (நிறுவும் வேலையின்றி அப்படியே ஓட்டக்கூடிய டிஸ்க் நகல்கள்) ஓடுகின்றன. சில அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில், மற்றவை அலுவலக ரேக்கில் இருக்கும் பிராக்ஸ்மாக்ஸ் என்ற விர்ச்சுவல் மெஷின் தளத்தில். அதற்கு முன்பு இமேஜையும் நாங்களே தயாரித்தோம். அந்த வேலையை விட்டதில் எனக்கு இதுவரை வருத்தமில்லை. ஆனாலும் இறக்கினோம், ஓட்டினோம் என்று முடிகிற கதையுமல்ல.

எந்த இமேஜை எடுப்பது என்பதிலேயே குழப்பம் தொடங்கும். நோகிளவுட் என்பதில் கிளவுட்-இனிட் (முதல் பூட்டில் கீ, ஐபி போன்றவற்றை அமைக்கும் நிரல்) ஓடாது, கடவுச்சொல் கேட்காமல் ரூட்டாகவே உள்ளே விடும். லேப்டாப்பில் கியூஇஎம்யூ என்ற எமுலேட்டரை வைத்து விளையாடத்தான் அது. ஜெனரிக்கிளவுட் என்பதில் கிளவுடுக்கென்றே இளைக்க வைத்த கர்னல், நிஜ வன்பொருளுக்கான டிரைவர்கள் பெரும்பாலும் இருக்காது. இங்கேதான் பிராக்ஸ்மாக்ஸ்காரர்கள் மாட்டுவார்கள். அமைப்புகளைச் சுமக்கும் கிளவுட்-இனிட் டிரைவை ஐடிஇ என்ற பழைய வகை டிஸ்க் இணைப்பில் மாட்டினால் அந்தக் கர்னலுக்கு அது தெரியாது. மெஷின் பூட் ஆகும், ஆனால் நீங்கள் கொடுத்த எஸ்எஸ்எச் கீயும் ஐபியும் போய்ச் சேராது. டிரைவை ஸ்கஸி என்ற இணைப்புக்கு மாற்றுங்கள், அல்லது முழுக் கர்னலோடு வரும் ஜெனரிக்கை எடுங்கள். யூசர் பெயரும் இடத்துக்கு இடம் மாறும்: ஏடபிள்யூஎஸ்ஸில் அட்மின், ஜெனரிக் வகைகளில் டெபியன். சர்வர்களைத் தானாக அமைக்கும் ஆன்சிபிள் கருவியின் இன்வென்டரியில் (மெஷின் பட்டியலில்) இதை முதலிலேயே பிரித்து வைத்துவிடுவது நல்லது.

இமேஜ்கள் எப்படித் தயாராகின்றன என்று பார்த்த பிறகுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. 1999-இல் ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் லாங்கே தொடங்கிய எஃப்ஏஐ என்ற கருவிதான் அடிப்படை. பிசிக்கல் மெஷின்களில் வரிசையாக லினக்ஸ் நிறுவப் பிறந்தது, இப்போது டிஸ்க் இமேஜும் எழுதுகிறது. கிளவுட் இமேஜ்களுக்கு எஃப்ஏஐ வருமுன் பூட்ஸ்டிராப்-விஇசட் (bootstrap-vz) என்ற கருவி புழக்கத்தில் இருந்தது. எந்த ரிலீஸ், எந்த கிளவுட், எந்த ஆர்க்கிடெக்சர் என்பதெல்லாம் எஃப்ஏஐ-யில் தனித்தனி கிளாஸ். வேண்டிய கிளாஸ்களை அடுக்கினால் இமேஜ் தயார். மொத்தக் கான்ஃபிகும் டெபியனின் கிட்லேப் தளமான சல்சாவில் திறந்தே கிடக்கிறது, பில்டும் அங்கேதான் ஓடுகிறது. எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீ (சர்வர் தன்னை அடையாளம் காட்டும் கீ) இமேஜுக்குள் இருக்காது, மெஷின்-ஐடி காலியாக இருக்கும், இரண்டும் முதல் பூட்டில்தான் உருவாகும். கையால் செய்த இமேஜ்களில் முதலில் கோட்டைவிடுவது இந்த இரண்டைத்தான். நூறு மெஷினுக்கும் ஒரே ஹோஸ்ட் கீ என்றால் பிறகு எஸ்எஸ்எச் சரிபார்ப்புக்கு என்ன மதிப்பு?

ஒன்றைக் கவனியுங்கள். கூகுள் கிளவுடில் கிடைக்கும் டெபியன் இமேஜ் கூகுளே கட்டுவது, டெபியன் குழு வெளியிடுவதல்ல.

ஏடபிள்யூஎஸ்ஸில் டெர்ராஃபார்ம் (சர்வர்களைக் குறியீடாக எழுதி உருவாக்கும் கருவி) எழுதுபவர்கள் ஓனர் ஐடியை (இமேஜை வெளியிட்ட கணக்கின் எண்) போடாமல், பெயரை மட்டும் கொடுத்து 'இருப்பதில் புதியது' என்று ஏஎம்ஐ, அதாவது ஏடபிள்யூஎஸ் இமேஜ், தேடவே கூடாது. அதே மாதிரிப் பெயரில் யார் வேண்டுமானாலும் ஒரு பப்ளிக் ஏஎம்ஐ ஏற்றலாம், தேதி புதியதாக இருந்தால் அதுதான் உங்கள் தலையில் வந்து விழும். 2025 பிப்ரவரியில் டேட்டாடாக் ஆய்வாளர்கள் வெளியிட்ட 'ஹூஏஎம்ஐ' தாக்குதல் இதுதான். டெபியன் 10 முதல் சரியான ஓனர் ஐடி 136693071363. பிராக்ஸ்மாக்ஸுக்கு இறக்கும்போது 'லேட்டஸ்ட்' லிங்கைப் பிடிக்காமல், தேதியுள்ள டைரக்டரியையும், ஃபைல் மாறவில்லை என்று சரிபார்க்கும் எஸ்எச்ஏ512 மதிப்பையும் ஸ்கிரிப்டில் எழுதி வைக்கிறோம். அந்த லிங்க் நகர்ந்துகொண்டே இருக்கும்.

பாதுகாப்பு அப்டேட்களைத் தானாகவே போடும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் இமேஜிலேயே இயங்கும் நிலையில் வருகிறது. இது நல்ல முடிவு என்றே சொல்வேன், மறந்துபோன மெஷின்களைக் காப்பது அதுதான். தொந்தரவு முதல் பூட்டில் மட்டும். மெஷின் எழுந்ததும் ஆன்சிபிள் ஓடினால், பேக்கேஜ் நிறுவும் ஆப்ட்டை அப்டேட் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும், அந்த ஆப்ட் லாக்கில் முட்டி நிற்கும். கிளவுட்-இனிட் முடியும்வரை காத்திருக்க ஒரு வரி, லாக் விடுபடக் காத்திருக்க ஒரு டைம்அவுட், இரண்டும் வேண்டும்.

எங்கள் ஸ்கிரிப்டுகளை அதிகம் திருத்த வைத்தது 2023 ஜூனில் வந்த டெபியன் 12 (புக்வார்ம்). நெட்வொர்க் அமைப்புக்கு அதற்கு முந்தைய புல்ஸ்ஐ வரை இருந்த இஃப்அப்டவுன் போய் நெட்பிளானும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டியும் வந்தன. பேக்கேஜ் எங்கிருந்து வரும் என்று சொல்லும் ஆப்ட் சோர்ஸ் புது வடிவத்துக்கு மாறியதோடு மிரர் முகவரி வேறொரு ஃபைலுக்குப் போய்விட்டது. பழைய சோர்சஸ்.லிஸ்டைத் தேடி வரி மாற்றும் ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் எதையும் செய்யாமல் முடியும். லாக்கை ஃபைலில் எழுதும் ஆர்சிஸ்லாக் இயல்பாக வராததால் லாகின் முயற்சிகளைப் பதியும் ஆத்.லாக் ஃபைலே இருக்காது, அதை நம்பி ஊடுருவ முயலும் ஐபிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் கிளம்ப மறுக்கும். ஃபெயில்2பேன் கான்ஃபிகில் பேக்எண்டைச் சிஸ்டம்டி என்று மாற்றினால் போதும், இதற்காக ஆர்சிஸ்லாக்கைத் திரும்ப நிறுவ வேண்டியதில்லை.

2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-க்கு (டிரிக்ஸி) இப்போது ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருக்கிறோம். இதில் டெம்ப் டைரக்டரி (/tmp) இயல்பாகவே ரேமில் அமர்கிறது, பாதி ரேம் வரை எடுத்துக்கொள்ளும். ஒரு ஜிபி ரேம் மெஷினில் டேட்டாபேஸ் டம்பை அங்கே எழுதும் பேக்கப் ஸ்கிரிப்ட் இருந்தால், அதன் பாதையை டிஸ்கில் இருக்கும் வார்-டெம்ப்புக்கு (/var/tmp) மாற்றிவிட்டு மேலே செல்லுங்கள்.